பாரலாச்சாவில் கால் விரல்கள்

மணாலியிலிருந்து லேவுக்குச் சைக்கிளில் போகப்போகிறேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் எல்லோரும் மூச்சைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். காற்று போதுமா, தலைவலி வருமாமே, மாத்திரை வாங்கிவிட்டாயா என்று. நியாயமான கேள்விகள்தான். வழியில் ஐந்து கணவாய்கள். அவற்றில் லாச்சுலுங் லாவும் டாங்லாங் லாவும் 5,000 மீட்டரைத் தாண்டியவை. ஆனால் காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மூச்சு வாங்கினால் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கல்மேல் உட்காரலாம். கால் விறைத்தால் உட்காரவும் முடியாது. உட்கார உட்கார இன்னும் விறைக்கும். சமவெளியில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தக் குளிர் எப்படி வேலை செய்கிறது என்பதே தெரியாது. தெரிந்துகொண்டு போனால் அந்தச் சாலையைப் போல ஒன்று இந்தியாவில் வேறு இல்லை.

நானும் கோவையைச் சேர்ந்த ஒரு தம்பியும் செப்டம்பரில் கிளம்பினோம். மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் மாதம். சாலையின் குறுக்கே பாயும் ஓடைகளில் ஜூலையைவிடத் தண்ணீர் குறைவு. அதே சமயம் உயரமான இடங்களில் இரவுக் குளிர் சுழிக்குக் கீழே போகத் தொடங்கியிருக்கும். தம்பி வாரம் தவறாமல் மருதமலைப் பக்கம் சைக்கிள் மிதிக்கிறவன். நல்ல கால். பந்தயக்காரர்கள் போடும் ஷூ வைத்திருந்தான். அடியில் கிளீட் பதித்து, பெடலோடு மாட்டிக்கொள்கிற வகை. கோவை வெயிலுக்காகச் செய்தது போல மேலெல்லாம் வலை வலையாகக் காற்றோட்டம். அளவும் பந்தய ஷூவுக்கு ஏற்றபடி இறுக்கிப் பிடித்திருந்தது.

மணாலி 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரோத்தாங் கணவாய் 3,978 மீட்டர். 2020 அக்டோபரில் 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை திறந்தபிறகு லே போகிற லாரிகள் மலைக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடுகின்றன. மேலே போகும் பழைய சாலையில் இப்போது நெரிசல் குறைவு. தேவதாரு மரங்கள் முடிந்து, புல்வெளியும் முடிந்து, மர்ஹிக்கு மேல் வெறும் பாறையும் மேகமுமாக ஏறிக்கொண்டே இருந்தோம். குளிரே தெரியவில்லை. முதுகில் வியர்வை ஓடியது. பலர் கவனிக்காத ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. ஏறும்போது பாதமும் வியர்க்கும். பருத்திக் காலுறை அந்த ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளும். உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கியதும் மிதிக்க வேண்டிய வேலை இல்லை, உடம்பில் சூடு பிறப்பதில்லை, எதிர்க்காற்று மட்டும் இருக்கிறது. சுழி டிகிரிக் குளிரில் 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால், வானிலைக்காரர்களின் காற்றுக்குளிர்க் கணக்குப்படி, மூடாத தோலுக்கு அது மைனஸ் 7 டிகிரி. அதோடு ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்திக்கொண்டு போய்விடும்.

அதனால் உச்சியில் நான் செய்யும் முதல் வேலை புகைப்படம் எடுப்பது அல்ல. காற்று படாத ஒரு கல் மறைவில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, பாதத்தைத் துண்டால் துடைத்து, விரலிடுக்குகளையும் துடைத்து, பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைத்திருக்கும் காய்ந்த கம்பளிக் காலுறையை மாட்டிக்கொள்வேன். ஈரமானதைச் சைக்கிள் பையின் மேல் கட்டிவிட்டால் காயும். ஐந்து நிமிட வேலை. ரோத்தாங்கிலிருந்து கோக்சருக்கு 800 மீட்டருக்கும் மேல் இறக்கம். அவ்வளவு தூரமும் அந்த ஐந்து நிமிடம் காப்பாற்றும்.

சைக்கிளில் வேலை செய்வதே கால்தான், அது எப்படிக் குளிரும் என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. வேலை செய்வது தொடையும் கெண்டைக்காலும். பாதம் பெடலின் மேல் அசையாமல் இருக்கிறது. நடக்கும்போது அடிக்கு அடி விரல்கள் மடங்கி விரிகின்றன, உள்ளங்கால் அழுந்தி மீள்கிறது. சைக்கிள் ஷூவின் கெட்டி அடிப்பாகத்தில் அந்த அசைவு ஏதும் இல்லை. பாதத்தில் சொந்தமாகச் சூடு உண்டாக்கும் அளவுக்குத் தசையும் இல்லை. மேலிருந்து ரத்தம் கொண்டுவரும் சூட்டை நம்பித்தான் அது பிழைக்கிறது. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்ததும் இதயம், நுரையீரல், மூளை இவற்றைக் காப்பதற்காக உடம்பு கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. சூடு போகும் வழியை அடைத்துவிட்டபிறகு மேலே எத்தனை காலுறை போட்டு என்ன பயன்? இல்லாத சூட்டை எந்தக் கம்பளியும் காப்பாற்றாது.

கால் குளிர்கிறது என்றால் முதலில் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட வேண்டும். ஜாக்கெட்டைக் கழுத்துவரை பூட்ட வேண்டும். முழங்காலும் கணுக்காலும் திறந்திருந்தால் மூட வேண்டும். பாதத்துக்குப் போகிற ரத்தம் அந்த வழியாகத்தான் போகிறது. பிறகுதான் ஷூவைப் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் தடிமனான காலுறையைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். இறுக்கமான ஷூவுக்குள் அதைத் திணித்தால் ரத்தம் ஓட இடமில்லாமல் கால் முன்பைவிடச் சீக்கிரம் மரத்துப்போகும். விரல்களை உள்ளே தாராளமாக அசைக்க முடிகிறதா என்பது ஒன்றே போதுமான சோதனை.

சிஸ்ஸு, தாண்டி வழியாகக் கேலாங் வந்தோம். தாண்டியில் சந்திரா ஆறும் பாகா ஆறும் கலக்கின்றன. கீழே போய் செனாப் ஆகிறது. லாஹுல் பள்ளத்தாக்கு முழுவதும் பட்டாணி, உருளைக்கிழங்கு, காலிஃபிளவர் வயல்கள். கேலாங் கடைத்தெருவில் ஒரு அம்மாள், வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்து கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். பேசும்போதும் கை நிற்கவில்லை, கண்ணும் ஊசியைப் பார்க்கவில்லை. கணுக்காலுக்கு மேல் சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா என்று பட்டை பட்டையாகக் கட்டங்கள். லாஹுல் காலுறைக்கும் கையுறைக்கும் 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்தப் பின்னலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1850-களில் மொரேவியக் கிறிஸ்தவ மிஷனரிகள் கேலாங்கில் வந்து தங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஹைடே என்பவரின் மனைவி மரியா, இங்குள்ள பெண்களுக்கு ஊசியால் காலுறை பின்னக் கற்றுக்கொடுத்தார். மதம் பெரிதாகப் பரவவில்லை. காலுறை வீட்டுக்கு வீடு தங்கிவிட்டது. வண்ணமும் கட்டமும் இந்த ஊர்ப் பெண்களுடையவை.

தம்பி ஒரு ஜோடி கேட்டான். அந்த அம்மாள் அவன் ஷூவைப் பார்த்தார், குனிந்து முன்பக்கத்தை விரலால் அழுத்தினார். “பேட்டா, இந்தக் காலுறை இந்த ஷூவுக்குள் போகாது. ஷூ பெரிதாக இருந்தால் வாங்கு, இல்லையென்றால் இரவு தூங்கும்போது போட்டுக்கொள்” என்றார். விற்கிறவர் இப்படிச் சொல்வதைக் கேட்டு எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. ஆறு மாதம் பனி மூடிக் கிடக்கும் ஊரில் அவருடைய அம்மாவும் பாட்டியும் அறிந்த விஷயம் அது. தம்பி வாங்கிக்கொண்டான், தூங்கும்போது போடுவதற்கு. நான் இரண்டு ஜோடி வாங்கினேன். என்னுடையது ஓர் அளவு பெரிதாக வாங்கிய சாதாரண மலையேற்ற ஷூ. பெடலும் மாட்டிக்கொள்ளாத தட்டைப் பெடல். லடாக் சாலைக்கு இதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. கிளீட் ஷூவில் உலோகத் துண்டு நேராக உள்ளங்கால் எலும்புக்குக் கீழே இருக்கிறது. அதை முடுக்கிய ஆணி, பெடல், அச்சு எல்லாமே உலோகம், எல்லாமே சூட்டை வெளியே இழுக்கும். கிளீட்தான் வேண்டும் என்கிறவர்கள் உள்ளே கம்பளித் துணியில் வெட்டிய ஒரு தளமும், வெளியே காற்றுப் புகாத நியோபிரீன் உறையும் போட்டாக வேண்டும்.

ஜிஸ்பா, தர்ச்சா தாண்டினால் மரங்கள் இல்லை. ஜிங்ஜிங்பாருக்கு மேலே சாலையின் குறுக்கே ஒரு ஓடை. இங்கே நாலா என்பார்கள். மேலே உருகும் பனிதான் இதற்குத் தண்ணீர். வெயில் ஏற ஏற நீர் பெருகும். காலையில் கணுக்கால் அளவு ஓடுவது பிற்பகலில் முழங்காலைத் தொடும். ஆகவே விடிந்ததும் கடந்துவிட வேண்டும். நாங்கள் போனபோது ஓரத்துக் கற்களில் கண்ணாடிபோல் பனிக்கட்டி படிந்திருந்தது. நான் ஷூவையும் காலுறையையும் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டு, வார் வைத்த செருப்பை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். வெறுங்காலில் இறங்கக் கூடாது. கல் வழுக்கும், வெட்டும், விறைத்த காலுக்கு வெட்டுப்பட்டதே தெரியாது. சில நொடிகளில் எலும்புவரை வலி போயிற்று. அக்கரையில் துடைத்து, காய்ந்த காலுறை போட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒரு நூறு அடி நடந்ததும் கால் திரும்பி வந்துவிட்டது.

தம்பி கழற்றவில்லை. “மிதிச்சே தாண்டிரலாமுங்ணா” என்றான். பாதி ஓடையில் முன்சக்கரம் ஒரு உருண்டைக் கல்லில் திரும்பியது. அவன் விழவில்லை, இடது காலை ஊன்றினான். ஷூ நிறையத் தண்ணீர்.

“கழட்டு தம்பி, காலுறையை மாத்திரு.”

“ஒண்ணும் ஆகாதுங்ணா, ஏத்தம்தானே, மிதிக்க மிதிக்கக் காஞ்சுரும்.”

பாரலாச்சா கணவாய் 4,890 மீட்டர். அதற்குச் சற்று முன்னால் சூரஜ் தால் ஏரி, பாகா ஆற்றின் பிறப்பிடம். ஏரியின் நீலத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் போய்ப் பார்க்க வேண்டும். அந்த உயரத்தில் காற்றின் வெப்பநிலை மணாலியைவிட 15 டிகிரிக்கு மேல் குறைவாக இருக்கும். உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவு என்பதால் உடம்பு சூடு உண்டாக்குவதும் மெதுவாகவே நடக்கிறது. தாகம் தெரியாததால் பலர் தண்ணீரும் குடிப்பதில்லை. உடம்பில் நீர் வற்றினால் விரல் நுனிக்குப் போகும் ரத்தமும் குறையும். கணவாயின் உச்சியில் மேற்கிலிருந்து காற்று அறைந்தது.

அங்கே தம்பியை வலுக்கட்டாயமாக ஜாக்கெட் போடவைத்தபோது அவனுக்கு காவியா கதையைச் சொன்னேன். இத்தாலியில் காவியா கணவாய் 2,621 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம் குட்டை. 1988 ஜூன் 5 அன்று ஜிரோ த இத்தாலியா சைக்கிள் பந்தயம் அந்தக் கணவாய் வழியாகப் போனபோது கடும் பனி கொட்டியது. உச்சியை முதலில் தொட்டவர் யோஹான் வான் டெர் வெல்டே என்ற டச்சுக்காரர், அரைக்கைச் சட்டையோடு. இறக்கத்தில் உடம்பு விறைத்துப்போய் நடுவழியில் நின்றுவிட்டார். முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பிந்தித்தான் அன்றைய முடிவிடமான போர்மியோவுக்கு வந்து சேர்ந்தார். ஆண்டி ஹாம்ப்ஸ்டன் என்ற அமெரிக்கருடைய அணி அன்று காலையிலேயே பனிச்சறுக்குக் கடைகளில் கம்பளிக் குல்லா, கையுறை என்று அள்ளி வாங்கி வைத்திருந்தது. அவர் அன்றைய கட்டத்தில் இரண்டாவதாக வந்தாலும் பந்தயத்தில் முன்னிலை வகிப்பவருக்கான இளஞ்சிவப்புச் சட்டையைப் பெற்றார், அதை விடாமல் காத்துப் பந்தயத்தையே வென்றார். வலிமையில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இறக்கத்துக்கு என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஐரோப்பியப் பந்தயக்காரர்கள் உச்சியில் செய்தித்தாளை வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொண்டு இறங்குவது நெடுங்காலப் பழக்கம். காகிதம் காற்றைத் தடுக்கும், வியர்வையையும் உறிஞ்சும். நானும் இரண்டு பழைய நாளிதழ்களை எப்போதும் வைத்திருப்பேன். ஒன்று நெஞ்சுக்கு, ஒன்று ஷூவைக் காயவைக்க.

உச்சியிலிருந்து பரத்பூர் கூடாரக் கடைகள் பக்கம்தான். அதற்குள்ளேயே தம்பி பின்தங்கிவிட்டான். கூடார வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, “காலு இருக்கறதே தெரியலீங்ணா” என்றான். குரலில் பயம் இருந்தது. நாடாவை அவிழ்க்க அவன் விரல்கள் மடங்கவில்லை, நான் அவிழ்த்தேன். இடது காலின் மூன்று விரல்கள் பிசைந்த அரிசி மாவு போல வெளுத்திருந்தன. நகத்தின் அடியில்கூட ரத்தச் சிவப்பு இல்லை. அழுத்திப் பார்த்தேன். தோல் மேலே விறைப்பு, உள்ளே சதை மெத்தென்று அமுங்கியது. அந்த மெத்தென்ற உணர்வுதான் எனக்கு நிம்மதி தந்தது. ஆழம்வரை உறைந்திருந்தால் மரக்கட்டை மாதிரி இருக்கும். அப்போது கேலாங் மருத்துவமனைக்கு வண்டி பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுப்பருகே அமர்ந்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் பரிவோடு இடம் விட்டார், காலை நெருப்பில் காட்டச் சொன்னார். கடைக்காரர் குறுக்கே வந்து தடுத்துவிட்டார். மரத்த காலுக்குச் சூடு தெரியாது; தோல் வெந்துபோவதும் தெரியாது. கசக்கித் தேய்ப்பதும் கூடாது, உறைந்த தோலுக்குள் காயம்தான் உண்டாகும். பனியை வைத்துத் தேய்ப்பார்கள் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. அது அதைவிடக் கெடுதல். செய்ய வேண்டியது எளிது. நான் சட்டையைத் தூக்கி அவன் பாதத்தை என் வயிற்றோடு வைத்து ஜாக்கெட்டால் மூடிக்கொண்டேன். அவன் கூச்சப்பட்டுக் காலை இழுத்தான். “பேசாம இருப்பா” என்றேன். கடைக்காரர் இனிப்புத் தேநீரும் சூடான மேகியும் கொடுத்தார். பத்து நிமிடத்துக்குப் பிறகு நிறம் வரத் தொடங்கியது. வெளுப்பு போய்த் திட்டுத் திட்டாகச் சிவப்பு. கூடவே வலியும் வந்தது. ஊசியால் குத்துகிற, எரிகிற வலி. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலி வருவது நல்லது, நரம்பு உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்லிச் சொல்லி அவனைத் தேற்றினேன்.

கடைக்காரர் உள்ளேயிருந்து ராணுவ உபரிக் கடையில் கிடைக்கும் பழைய கான்வாஸ் ஷூ ஒன்றைக் கொண்டுவந்தார். தம்பியின் காலைவிட இரண்டு அளவு பெரிது. லாஹுல் காலுறையோடு அது சரியாகப் பொருந்தியது. அவன் பெடல் நல்லவேளையாக ஒரு பக்கம் மாட்டுவதும் மறுபக்கம் தட்டையுமான வகை. திருப்பிவிட்டு மிதித்தான். அன்று பரத்பூரிலேயே தங்கிவிட்டு, மறுநாள் வெயில் வந்தபிறகே சர்ச்சுவுக்கு இறங்கினோம். ஒருமுறை விறைத்து மீண்ட விரல் உடனே மறுபடி விறைத்தால் சேதம் பல மடங்காகும்.

சர்ச்சுவில் இரவு கூடாரத் துணியின் உட்பக்கமே பனி படிந்தது. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் ஈரக் காலோடு நின்றே ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் பாதங்கள் அழுகின. அப்போது பிரிட்டிஷ் ராணுவம் கண்டுபிடித்த வழி, சிப்பாய்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒருவர் காலுக்கு மற்றவரைப் பொறுப்பாக்குவது. தினமும் கழற்றிப் பார்த்து, துடைத்து, காலுறை மாற்ற வேண்டும். நாங்களும் சர்ச்சுவிலிருந்து லே வரை அதையே செய்தோம். டார்ச் வெளிச்சத்தில் ஒருவர் காலை மற்றவர் பார்ப்போம்: நிறம், கொப்புளம், உணர்ச்சி. பிறகு வெந்நீர் நிரப்பிய பாட்டிலைக் காலுறைக்குள் விட்டுத் தூக்கப் பைக்குள் வைத்துக்கொள்வோம். நாளைக்கு வேண்டிய ஈரக் காலுறையை வயிற்றுப் பக்கம் வைத்துக்கொண்டு படுத்தால் காலையில் காய்ந்திருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தச் சோதனையை ஒருநாளும் விடக் கூடாது. அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி ஏற்கெனவே மங்கியிருக்கும். விறைப்பது தெரியவே தெரியாது. நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். புகைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சிகரெட் ரத்தக் குழாயைச் சுருக்கும். சாராயம் கதகதப்பாக இருப்பதாக ஏமாற்றி உள்சூட்டை வெளியே விட்டுவிடும்.

காட்டா வளைவுகள் இருபத்தொன்றையும் வெயிலில் ஏறினோம். நாக்கி லா, லாச்சுலுங் லா, பாங். மோரே சமவெளி 4,700 மீட்டர் உயரத்தில் நாற்பது கி.மீ. நேராகப் போகிறது, எதிர்க்காற்றைத் தவிர ஏதும் இல்லை. அரைமணிக்கு ஒருமுறை இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். விரல் மடங்கி நடக்கிற இரண்டு நிமிடம் எந்த விலையுயர்ந்த காலுறையும் தராத சூட்டைத் தரும்.

டாங்லாங் லாவின் ஏற்றத்தில் எல்லைச் சாலை அமைப்பின் கூலியாட்கள் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜார்க்கண்டின் தும்கா பக்கத்துக்காரர்கள். கோடை தொடங்கினால் வந்து, சாலை மூடும்வரை இந்த உயரத்தில் வேலை செய்கிறவர்கள். காலில் ரப்பர் பூட்ஸ். ரப்பர் தண்ணீரை உள்ளே விடாது, வியர்வையையும் வெளியே விடாது. ஒருவர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளே சாக்குத் துணியை மடித்துத் தளமாகப் போட்டிருந்தார், அதை எடுத்து வெயில் படும் பாறையில் விரித்தார். மாற்றுத் துண்டு ஒன்று இடுப்பில் செருகியிருந்தது. ஈரமானதை எடு, காய்ந்ததை வை. எங்களுக்கு அது பயணம், அவருக்கு அது தினக்கூலி. நாம் மிதித்துப் போகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் இப்படிப்பட்ட கால்கள் நின்று போட்டது. அவர்களுக்கு நல்ல பூட்ஸும் மாற்றுக் காலுறையும் கொடுப்பது பெரிய செலவில்லை. கொடுக்கப்பட வேண்டும். என்னிடம் மிச்சமிருந்த லாஹுல் காலுறை ஒரு ஜோடியை அவரிடம் கொடுத்தேன். அது போதாது என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

டாங்லாங் லாவின் 5,328 மீட்டர் உச்சியிலிருந்து ரும்ட்ஸே வரை ஒரே இறக்கம். உச்சியில் நான் சொல்லாமலே தம்பி கல் மறைவில் உட்கார்ந்து கான்வாஸ் ஷூவைக் கழற்றினான். அறுவடையான பார்லி வயல்கள், பாப்லார் மரங்கள், பிறகு உப்ஷியில் சிந்து நதி. அங்கிருந்து லேவரை செருப்போடு மிதிக்கிற அளவுக்கு வெயில்.

அடுத்த செப்டம்பரில் போக நினைக்கிறவர்கள் முதலில் ஜனவரியில் ஊட்டிக்குப் போங்கள். தலைகுந்தா புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் விடியலில், லேவுக்கு வைத்திருக்கும் அதே ஷூ, அதே காலுறையோடு ஒரு மணி நேரம் ஏறுங்கள். வியர்த்தபிறகு காலுறையை மாற்றாமல் ஒருநாளும், மாற்றிவிட்டு ஒருநாளும் இறங்கிப் பாருங்கள். ஷூ ஓர் அளவு பெரிதாக வேண்டுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். மாற்றிக்கொள்ள எட்டு மாதம் இருக்கிறது.